வகுப்பில் 60 பேர், ஆசிரியைகள் இருவர்: பிரச்சினைவழிக் கற்றலை நடத்த முடியுமா?

கேள்வி: தனியார் செவிலியர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. மாணவியருக்கு மருத்துவ, அறுவை சிகிச்சைச் செவிலியம் கற்பிக்கிறேன். வகுப்பில் 60 பேர். இந்தப் பாடத்துக்கு ஆசிரியைகள் இருவர். நோயாளி ஒருவரின் நிலையைப் பிரச்சினையாகக் கொடுத்து, மாணவியரையே பேசித் தேடிக் கற்க வைக்கும் பிரச்சினைவழிக் கற்றலை இரண்டு முறை முயன்றோம். நோய் இன்னதென்று ஒருத்தி சொன்னதும் பேச்சு நின்றுபோனது. மீதி நேரத்தில் நானே பாடம் நடத்திவிட்டேன். மாணவியரோ தேர்வுக்கு நோட்ஸ் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற கல்லூரிக்கு இது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும். நோயின் பெயர் தெரிந்ததும் பேச்சு நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். சிரமத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இம்முறை கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் சேர்ந்த முதல் மருத்துவ மாணவர்களோடு தொடங்கியது. பின்னர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் அதை ஏழு படிகளாக ஒழுங்குபடுத்தியது. மருத்துவ மாணவருக்காக எழுதப்பட்ட பிரச்சினைகள் பெரும்பாலும் ‘இது என்ன நோய்?’ என்ற கேள்வியில் முடிகின்றன. வார்டில் நிற்கும் செவிலியருக்கோ நோயின் பெயர் பெரும்பாலும் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. கடந்த ஒரு மணி நேரத்தில் இவரிடம் என்ன மாறியது, முதலில் எதைச் செய்வது, யாரை அழைப்பது, உறவினரிடம் என்ன சொல்வது என்பவையே அவருடைய கேள்விகள். பிரச்சினையை அவற்றுக்காக எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக இதைப் பாருங்கள்: ‘58 வயதுக்காரர், கால் புண்ணுக்காக அறுவை வார்டில் இருக்கிறார். காலை 7 மணிக்கு ரெகுலர் இன்சுலின் போடப்பட்டது. 7.15-க்கு ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றார்கள். 9.30-க்குத் திரும்பியபோது சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. மனைவி மேல் காரணமின்றி எரிந்து விழுகிறார். “ராத்திரி பூரா தூங்கலை சிஸ்டர், அதான்” என்கிறார் மனைவி. இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு அவர் அட்டெனோலால் மாத்திரை சாப்பிட்டு வருகிறார்.’

இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்பதை மாணவியர் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். ஆனால் பேச்சு அதோடு முடியாது. ரெகுலர் இன்சுலின் போட்ட இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தில் வேலை செய்யும் என்பதை அறிந்தால்தான் 9.30 என்ற நேரத்தின் பொருள் புரியும். படபடப்பையும் கை நடுக்கத்தையும் அட்டெனோலால் மாத்திரை மறைத்துவிடலாம், வியர்வையை மறைக்காது என்பது அடுத்த தேடல். குளுக்கோமீட்டர் 70 மி.கி.க்குக் கீழே காட்டி, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு மங்கியிருந்தால் வாய்வழி எதுவும் கொடுக்காமல், மருத்துவரை அழைத்து, அவர் உத்தரவுப்படி சிரைவழி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்ற வேண்டும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யில் எத்தனை கிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். இன்சுலின் போடப்பட்ட நோயாளியை உணவுக்கு முன் ஸ்கேனுக்கு அனுப்பியது யார் பொறுப்பு என்ற கேள்வியில் விவாதம் சூடுபிடிக்கும், அதை அடக்காதீர்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு வழி இருக்கிறது. பாதி வகுப்பு வார்டு போஸ்டிங்கில் இருக்கும் வாரங்களில், மீதி 30 பேரை ஏழெட்டுப் பேர் கொண்ட நான்கு குழுக்களாக்கி, ஆளுக்கு இரண்டைக் கவனியுங்கள். முதல் அமர்வில் புரியாத சொற்களைத் தெளிவுபடுத்தி, தெரிந்ததைப் பேசி, தெரியாதவற்றைக் கேள்விகளாக எழுதட்டும்; மூன்று நாள் படித்துவிட்டு இரண்டாம் அமர்வுக்கு வரட்டும். (விடுதியில் கைப்பேசியை வாங்கி வைப்பது வழக்கமென்றால், அந்த மூன்று நாள் மாலையிலாவது நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.) கேள்விகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தால் அது வெறும் செமினாராகிவிடும், ஒவ்வொருவரும் எல்லாக் கேள்விகளையும் படித்து வர வேண்டும்.

அவர்கள் மௌனமாக இருப்பதற்கு மொழியும் காரணமாக இருக்கலாம். விவாதம் தமிழில் நடக்கட்டும், கேள்விகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும். பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த மாணவி அப்போதுதான் வாய் திறப்பாள். நீங்கள் பாடம் நடத்தத் தொடங்கியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விடை தெரிந்த ஆசிரியர் வாய்மூடி இருப்பது கடினமான பயிற்சிதான். கேள்வி கேட்டபின் பத்து வினாடி காத்திருங்கள். விடை வந்தால் ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள்.

தேர்வைப் பற்றிய அவர்களுடைய அச்சம் நியாயமானது. மனப்பாட அறிவைச் சோதிக்கும் தேர்வுகளில் இம்முறை விரிவுரையைவிடப் பெரிதாக மதிப்பெண் கூட்டித் தருவதில்லை. ஆகவே மதிப்பெண் கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிந்தித்து முடிவெடுக்கும் திறனுக்காகவே இதை நடத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் அமர்வின் முடிவில் பாடத்திட்டக் குறிப்புகளை ஒரே பக்கத்தில் கொடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. பாடத்திட்டம் செமஸ்டர் முறையில், செயல்திறனை மையமாக வைத்து அமைந்திருப்பதால் செமஸ்டருக்கு இரண்டு பிரச்சினைகளுக்கு இடம் ஒதுக்குவது கடினமன்று. மற்றவற்றை விரிவுரையாகவே நடத்துங்கள். முதல் பிரச்சினையை அறுவை வார்டு போஸ்டிங்குக்கு முந்தைய வாரத்தில் வையுங்கள். போஸ்டிங்கில் இன்சுலின் நேரமும் உணவு நேரமும் எப்படிப் பொருந்துகின்றன என்று மாணவியர் குறித்து வரட்டும். நோயாளியின் அடையாளங்களை நீக்கிவிட்டு, இரண்டாம் பிரச்சினையை அந்தக் குறிப்புகளிலிருந்தே எழுதலாம்.