அப்பாவின்ர பழைய றலி சைக்கிளுக்குப் புது கியர் ஹப் பூட்டலாமா?

பூட்டலாம் தம்பி. ஆனால் "ஃபிறேமைக் கொஞ்சம் இழுத்துவிட்டாச் சரி" எண்டு சொல்லுற கடைக்கு மட்டும் கொண்டு போகாதேங்கோ. நான் கொண்டு போனவன்.

எங்கட அப்பாவின்ரயும் றலிதான். முன்னுக்குக் கொக்குத்தலைச் சின்னம், றொட் பிறேக் (வயருக்குப் பதிலா இரும்புக் கம்பியால இழுக்கிறது). 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்த அண்டைக்கு, கரியரில அப்பம்மா, பாரில நான், ஹாண்டிலில ரெண்டு பை. நாவற்குழிப் பாலம் தாண்டினது அந்தச் சைக்கிளோடதான். ஓடேல்லை, தள்ளினது, அந்தச் சனத்துக்குள்ள எங்க ஓடுறது? "பழைய இரும்புக்கு ஏன் காசு, ஸ்கூட்டி வாங்கலாமே" எண்டு எழுத வாறவை தயவுசெய்து அடுத்த பதிலுக்குப் போங்கோ.

பின் ஹப் (சில்லின்ர நடுவில அச்சு போற உருளை) தேஞ்சுபோச்சு எண்டு கேள்விப்பட்டு, கனடாவில இருந்து வந்த மச்சான் ஏழு கியர் ஹப் ஒண்டு கொண்டுவந்து தந்தான். நல்ல மனசுதான், குறை சொல்லேல்லை. ஆனால் அது 135 மில்லிமீற்றர் அகலம். எங்கட ஃபிறேமில அச்சு மாட்டுற ரெண்டு காதுக்கும் இடையில 110தான். கடையில ஒரு தடியை நடுவில குடுத்து நெம்பினாங்கள், 25 மில்லிமீற்றர்! அதோட, பழைய றிம்மில சில்லுக் கம்பி பூட்டுற துளை 40, புது ஹப்பில 36. "றிம்மையும் மாத்துவம் அண்ணை" எண்டாங்கள். புது றிம்முக்கு றொட் பிறேக் பிடிக்காது, அந்தப் பிறேக்கின்ர கட்டை றிம்மின்ர உட்பக்கத்தில மேல இழுத்துப் பிடிக்கிறது. அதுக்கும் பதில் வச்சிருந்தாங்கள்: "முன் பிறேக் காணும்."

மூண்டு கிழமை ஓடிச்சுது. கோண்டாவில் சந்திக்குக் கிட்ட, கரியரில அரை மூட்டை அரிசி, பின்னால 'டக்' எண்டொரு சத்தம். இறங்கிப் பாத்தா அச்சு செயின் பக்கத்தால முறிஞ்சு நிக்குது.

பிறகு கொக்குவிலில ஒரு வயசான மெக்கானிக் ஐயாட்டக் காட்டினன். அவர் ஃபிறேமைத் தொடேல்லை, முதல்ல ஒரு நூல் எடுத்தார். ஒரு காதில கட்டி, முன் ஹாண்டில் குழாயைச் சுத்தி, மற்றக் காதுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார். நடுவில சீற் குழாய்க்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி எண்டு ரெண்டு பக்கமும் அடிமட்டத்தால அளந்தார். ஒரு பக்கம் 31 மில்லிமீற்றர், மற்றப் பக்கம் 22. நெம்பினதில பின் சில்லைப் பிடிக்கிற ஒரு பக்கக் கவைதான் வளைஞ்சிருக்கு. காதுகளும் ஒண்டுக்கொண்டு நேரில்லை. அப்பிடி இருக்கேக்க நட்டை இறுக்கினா அச்சே வளையும், சில்லு சுத்தச் சுத்த களைச்சு முறியும். பிறீவீல் ஹப்பில (பல்லுச் சக்கரத்தைத் தனியாத் திருகிப் பூட்டுற இந்த மாதிரி ஹப்பில) செயின் பக்கம் பெயாரிங் உள்ளுக்குத் தள்ளி இருக்கிறதால அங்கதான் முதல்ல போகும். ஐயா அரை நாள் இருந்து நிமிர்த்தினார். கேட்ட காசு தேத்தண்ணிக்கும் காணாது.

உங்கட விசயத்துக்கு வாறன். முதல்ல இடைவெளியை அளவுங்கோ. 126 எண்டால், இரும்பு ஃபிறேமை 130க்கு விரிக்கலாம், ஆனால் நூல் பிடிக்கத் தெரிஞ்சவர்தான் செய்யவேணும். அலுமினியம் எண்டால் கையே வைக்காதேங்கோ. 110, 114 எண்டால் (அப்பா காலத்து றலி எண்டபடியால் அதுதான் இருக்கும்) கன பல்லு வச்ச ஹப்பை மறந்திட்டு, ஸ்ரேமி ஆர்ச்சர் மாதிரி கியர் உள்ளுக்குள்ள இருக்கிற மூண்டு கியர் ஹப் பாருங்கோ. பழைய நட்டைப் புது அச்சில ஏத்தப் பாக்காதேங்கோ, ரெண்டின்ர அளவும் ஒண்டில்லை. நான் இஞ்சினியர் இல்லை, பட்டதைச் சொல்லுறன். பிழையெண்டால் திருத்துங்கோ, திட்டாதேங்கோ.

இன்னொண்டு. சைக்கிள் வாசலில நிண்டாலே, லீவுக்கு வாற ஆக்கள் "விக்கிறீங்களோ, ஹோட்டல் சுவரில கொழுவ நல்லாயிருக்கும்" எண்டு கேக்கினம். பெடலில அப்பாவின்ர கால் தேய்ஞ்ச அடையாளம் இருக்கு. அதுக்கு மேல மின்குமிழ் பூட்டப் போகினமாம்.

என்ர பழைய றிம்மை மீட்டுட்டன். ஹப்பை மட்டும் கடைக்காரன் இரும்புக்குப் போட்டிட்டான். எங்கையாவது 40 துளையில பழைய மூண்டு கியர் ஹப் கண்டீங்களெண்டால் எனக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கோ.