அந்தக் கதவைத் தட்டாதே

மக்களே, நர்ஸ் வேலைக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஜெர்மனி போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, ரயிலில் போன் திருட்டுப் போய்விட்டது, அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று மேப்பில் புள்ளி காட்டியும் போலீஸ் போகவில்லை, நாம் வெளிநாட்டுக்காரர் என்பதாலா என்று கேட்டிருக்கிறாய். சம்பா அரிசியும் கேட்டிருக்கிறாய். அது ஆசியக் கடையில் கிடைக்கும், அதை விடு. போன் காரியத்துக்கு வருகிறேன்.

லீவுக்கு தக்கலை வந்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் போன் போனது. போலீஸ் புகார் நகலை வைத்து தொலைந்த போன்களை முடக்கவும் கண்டுபிடிக்கவும் நம் அரசு நடத்தும் சிஇஐஆர் தளத்தில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைப் பதிந்தான். யாரோ அதில் வேறு சிம் போட்டதும் போலீசுக்குத் தகவல் போய், கொஞ்ச நாளில் போன் கைக்கு வந்துவிட்டது. இதைப் பார்த்துப் பழகிய நமக்கு அங்குள்ள போலீஸ் சும்மா இருப்பதைக் கண்டால் மனசு கொதிக்கத்தான் செய்யும்.

ஆனால் காரணம் உன் நிறம் இல்லை. அவர்களுடைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 100ஜி என்று ஒரு பிரிவு. ஒரு போன் எங்கே இருந்தது என்று செல்போன் சேவைக் கம்பெனியிடம் போலீஸ் கேட்க வேண்டுமானால் நீதிபதியின் உத்தரவு வேண்டும், குற்றமும் கனத்ததாக இருக்க வேண்டும். ஒற்றைப் போன் திருட்டு பொதுவாக அந்தக் கணக்கில் சேராது. நீயே கண்டுபிடித்த புள்ளிக்கு அந்த உத்தரவு தேவையில்லை, சரி. ஆனால் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் எத்தனை மாடி, எத்தனை வீடு? அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு வீட்டைக் காக்கிறது. எந்த வீடு என்று சொல்ல முடியாதபோது சோதனைக்கு உத்தரவு கிடைப்பது கஷ்டம்.

அங்கே நம்ம ஆட்கள் சிலர் எது நடந்தாலும் நிறவெறி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பத்து வருஷம் இருந்தும் ஒரு அரசாங்கக் கடிதத்தை முழுசாக வாசித்திருக்க மாட்டார்கள். இன்னும் சிலர் "நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டுவிடுவோம்" என்பார்கள். இவர்களிடம்தான் நீ ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கதவைத் தட்டாதே. திறப்பவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாது. வாக்குவாதம் முற்றி அவன் உன் மேல் புகார் கொடுத்தால், புதுசாக வந்த உனக்குத்தான் அலைச்சல். புகார் கொடுத்து வழக்கு எண்ணை வாங்கு, சிம்மை முடக்கு, போனைத் தூரத்திலிருந்தே பூட்டு. வீட்டுப் பொருள் காப்பீட்டை நம்பியிருக்காதே. பையிலிருந்து எடுத்துப் போன திருட்டுக்குப் பெரும்பாலும் பணம் வராது.

2012 நவம்பரில் நான் போன புதிதில், 80 யூரோவுக்கு வாங்கிய பழைய சைக்கிள் சூப்பர் மார்க்கெட் வாசலில் காணாமல் போனது. தலைக்கு மேலே கேமரா. மேனேஜரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கெஞ்சினேன். கேமரா கதவை மட்டும்தான் பார்க்கும், நடைபாதையைப் படம் பிடிக்க அனுமதி இல்லை, இருக்கிற பதிவையும் போலீஸ் கேட்டால்தான் கொடுப்பேன் என்றார். போலீஸ் கேட்பதற்குள் அதுவும் அழிந்துவிட்டது. இப்போதும் 72 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அங்குள்ள தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் பொதுவான வழிகாட்டுதல். சில வாரம் கழித்து, திருடியவர் தெரியவில்லை, வழக்கை முடிக்கிறோம் என்று கடிதம் வந்தது. அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நான் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் ஜெர்மன் கடிதம் அதுதான்.

வேலையிடத்தில் இதைச் சொல்லிப் பொருமினேன். பக்கத்து மேசையில், முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த ஒரு அம்மா. கண்காணிப்பு என்றால் அங்கே ஏன் இத்தனை கெடுபிடி என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் வைத்திருந்த கோப்புகளை 1992இல் மக்களுக்குத் திறந்துவிட்டபோது, அவர் தன் தாயாரின் கோப்பைப் போய் வாசித்திருக்கிறார். எத்தனை மணிக்குத் துணி காயப்போட்டார், வீட்டுக்கு யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்றெல்லாம் தட்டச்சில் இருந்ததாம். எழுதிக் கொடுத்தவர் மேல்மாடிக்காரர். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்கு கேக் கொண்டுவருபவர்.