வெள்ளையாகும் கண்ணாடி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டால் தெளிவாக இருக்கிறது, நிறுத்தினால் வெள்ளையாகிவிடுகிறது. பெண்கள் உள்ளே உடை மாற்றும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்பட வேண்டாம், கரண்ட் போனால் அது வெள்ளையாகத்தான் நிற்கும். தெளிவாக இருப்பதற்குத்தான் அதற்கு மின்சாரம் வேண்டும், மறைப்பதற்கு வேண்டாம்.

அந்தக் கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அதற்குள் திரவப் படிகம் கோடிக்கணக்கான துளிகளாகச் சிக்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திரவப் படிகம் ஓடக்கூடியதுதான், ஆனால் அதன் குச்சி வடிவ மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும், அந்தத் திசையைப் பொறுத்து அதன் ஒளிவிலகல் எண்ணும் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) மாறும். மின்சாரம் இல்லாதபோது துளிக்குத் துளி திசை வேறு. அதனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாமல், ஒளி ஒவ்வொரு துளியிலும் சிதறுகிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் மூலக்கூறுகள் எல்லாம் படலத்துக்குச் செங்குத்தாகத் திரும்பிவிடும், துளியின் எண்ணும் பிளாஸ்டிக்கின் எண்ணும் ஒன்றாகிவிடும், ஒளி தடையில்லாமல் நேராகப் போய்விடும். காவிரியில் குளித்து எழுந்தால் நனைந்த வெள்ளை வேட்டி உடம்பைக் காட்டிக்கொடுக்கிறதே, காரணம் இதேதான்: இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் இரண்டின் ஒளிவிலகல் எண்களும் நெருங்கிவிடுகின்றன.

1980களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்காசனும், கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டோனின் குழுவும் தனித்தனி வழிகளில் இதை உருவாக்கினார்கள். திரவப் படிகத்தைப் பிசினோடு கலந்து புற ஊதா ஒளி காட்டினால், பிசின் இறுக இறுகத் திரவப் படிகம் தானாகவே பிரிந்து துளியாகிவிடும். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். அந்த இடம் இன்வெர்ட்டரில் ஓடுகிறதென்றால், கரண்ட் போனாலும் கண்ணாடி ஸ்விட்ச் இருக்கிறபடியேதான் இருக்கும். ஸ்விட்ச் அறைக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முதலில் பாருங்கள். அப்புறம், வெள்ளையாக இருக்கும்போதும் கண்ணாடியை ஒட்டி நின்றால் உருவம் நிழலாகத் தெரியும். உடை மாற்றுகிற இடத்துக்கு ஒரு துணித்திரையும் போடச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு இந்தப் படலத்தை ஒட்டினால் வீட்டுக்குள் சூடு குறையுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அதற்காக வாங்காதீர்கள். இந்தத் துளிகள் ஒளியைத் தடுப்பதில்லை, சிதறத்தான் விடுகின்றன, அதிலும் பெரும்பகுதி முன்பக்கமாக, உங்கள் வீட்டுக்குள்ளேயே. வெயிலின் சூடும் கூடவே வரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கீற்றுத் தட்டி கட்டினால் இதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: திரவப் படிக ஆராய்ச்சியில் நம் பக்கத்துக்காரர்கள் யாராவது உண்டா?
– வாசகர், திருவையாறு

பதில்: உண்டு. 1888-ல் பிராகில் தாவரவியலாளர் ரைனிட்ஸர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்று 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி 178.5 டிகிரியில் தெளிவதைக் கண்டார், திரவப் படிகத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அதே ஆண்டில்தான் திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தார். அவருடைய சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பெற்ற சந்திரசேகர் அல்ல, இவர் வேறொருவர்) 1977-ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சதாசிவா, சுரேஷ் இருவரோடும் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார். உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற வேலை அது. நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

கேள்வி: எல்சிடி திரையிலும் திரவப் படிகம்தானே, அதிலும் துளிகளா? துளிகளுக்கு வேறு என்ன பயன்? கல்லூரி லேபில் பார்க்க முடியுமா?
– இயற்பியல் மாணவி, திருவாரூர்

பதில்: எல்சிடியில் துளி கிடையாது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சில மைக்ரான் கனத்தில் ஒரே பரப்பாக இருக்கும். உருண்டையாக்கும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. தட்டையான இடைவெளியில் மூலக்கூறுகளை ஒழுங்காக அடுக்கிவிடலாம், உருண்டைக்குள் எங்காவது ஓரிடத்தில் ஒழுங்கு உடைந்தே தீரும். மூலக்கூறுகள் துளியின் பரப்புக்குச் செங்குத்தாக நின்றால் நடுவில் ஒரு குறை, பரப்போடு படிந்தால் எதிரெதிர் முனைகளில் இரண்டு. பரப்பில் வேறு பொருள் கொஞ்சம் ஒட்டினாலே ஒன்று மற்றதாக மாறிவிடும். 2011-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் அபட் குழு, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஒரு மில்லிலிட்டரில் பைக்கோகிராம் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவே இருந்தாலும் துளி இப்படி மாறுவதைக் காட்டியது.

லேசரும் உண்டு. ஸ்லோவேனியாவில் ஹுமரும் முஷெவிச்சும் 2010-ல் திருகு அமைப்புள்ள திரவப் படிகத்தில் சாயம் கலந்து துளியாக்கினார்கள். உள்ளே அடுக்கடுக்காக அமைந்த மூலக்கூறுகளே ஒளியைத் திருப்பி அனுப்ப, வெளியிலிருந்து ஒளித்துடிப்பு கொடுத்தால் அந்தத் துளி எல்லாத் திசையிலும் லேசர் ஒளி வீசியது. வெப்பநிலையை மாற்றினால் அலைநீளமும் மாறும்.

லேபில் தாராளமாகப் பார்க்கலாம். ஃபைவ் சிபி என்ற திரவப் படிகத்தைத் துளியளவு வாங்கித் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பிறகு சோடியம் டோடெசைல் சல்பேட் என்ற சோப்புப் பொருளைக் கொஞ்சம் சேர்த்தால், மூலக்கூறுகள் பரப்புக்குச் செங்குத்தாகத் திரும்பி, துளிகள் ஒவ்வொன்றிலும் கறுப்புச் சிலுவை தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மிச்சத்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள். முக்கியமாக, 35 டிகிரியைத் தாண்டினால் அது சாதாரணத் திரவமாகிவிடும், ஒன்றும் தெரியாது. ஏ.சி. இல்லாத லேப் என்றால் சித்திரையில் தொடங்காமல் மார்கழி, தையில் செய்யுங்கள்.