‘மகளே’ என்று கூப்பிடும் நோயாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி, சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வருவார். பாதி கன்னடம், பாதி தமிழ். என்னை ‘மகளே’ என்றுதான் கூப்பிடுவார், மாம்பழம் கொண்டுவருவார். போன வாரம் எனக்கு ஒருநாள் விடுப்பு. வேறு சிஸ்டரிடம் காலைக் காட்டாமலேயே ஊர் திரும்பிவிட்டார். ‘ஒட்டாமல் பழகு என்று அப்போதே சொன்னேனே’ என்கிறார் மூத்த சிஸ்டர். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது?

ஒரு செவிலியர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மாம்பழத்தை முதலில் முடித்துவிடலாம். எல்லோருமாக அறுத்துச் சாப்பிடுங்கள். சீசனில் கிருஷ்ணகிரிக்காரர் கொடுக்கும் மாம்பழத்தை மறுப்பது நடக்கிற காரியமா? பழம் தந்தவரை வரிசையில் முன்னால் கூப்பிட்டால்தான் தவறு. பாட்டி தாமும் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று 1952இல் புத்தகம் எழுதிய அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். இருவரும் அந்நியர்களாகச் சந்திக்கிறார்கள். போகப்போக நோயாளி செவிலியரைத் தாயாகவோ சகோதரியாகவோ பார்க்கத் தொடங்கலாம் என்கிறார் அவர். ஆக, ‘மகளே’ என்பதில் அதிசயம் இல்லை. இந்த உறவுக்கு அவர் வகுத்த, நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்த கட்டங்களில் கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். நோயாளி தேறி, செவிலியரின் துணை தேவைப்படாமல் விலக வேண்டும்.

எனவே மகளாக இருந்துகொண்டே, மகளால் முடியாததைச் செய்யுங்கள். கட்டைப் பிரிக்கிறீர்கள்; பச்சிலைச் சக்கை புண்ணில் ஒட்டியிருக்கிறது. ‘யார் இதை வைக்கச் சொன்னது?’ என்று சொந்த மகள் கத்துவாள். நீங்களும் கத்தினால், அடுத்த முறை பாட்டி அதைக் கழுவித் துடைத்துவிட்டு வருவார். வைப்பதை நிறுத்த மாட்டார். ‘இதை வைத்தால் எரிச்சல் குறைகிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்த இலை, எத்தனை நாளாக, யார் அரைத்துத் தந்தது, நடுவில் மாத்திரையை நிறுத்தியது வரை வந்துவிடும். கூட வந்த மகன் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்கிறானா? சீட்டைக் கொடுத்து மருந்து வாங்க அனுப்பிவிடுங்கள்.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் நம் பெரியவர்கள் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். ‘வீட்டில் காலை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிட்டால் முள் குத்தியதுகூடத் தெரியாது. இரவில் பேரனை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வதும், செருப்பைத் தட்டிப் போடுவதும் பாட்டியின் வேலையாகிவிட வேண்டும்.

மூத்த சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அப்படியொரு வார்டு உங்கள் பக்கம் இருந்தால் எழுதுங்கள், பஸ் ஏறி வந்து பார்க்கிறேன். ஆள் நிரம்பி வழியும் வார்டில் ஒட்டாமல் இருப்பது அவர் கற்றுக்கொண்ட தற்காப்பு. ஆனாலும் பாட்டி திரும்பிப் போனதற்கு உங்கள் அன்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். அத்தனை பெரிய கட்டடத்தில் அவருக்கு ஒரே ஒரு முகம்தான் தெரியும், அதுதான் சிக்கல்.

அடுத்த முறை கட்டு மாற்றும்போது இன்னொரு சிஸ்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்; கன்னடம் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. பாட்டியின் எதிரிலேயே புண்ணின் கதையை அவரிடம் சொல்லுங்கள். அதற்கடுத்த முறை அவர் கட்டைப் பிரிக்கட்டும், நீங்கள் பேச்சுக் கொடுங்கள். விடுப்பு நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பாட்டியின் ஊருக்கு மாத்திரை கொண்டுபோகும் பெண் யார் என்று விசாரித்து, அவரிடமும் பேசி வையுங்கள். பாட்டி வீட்டில் என்ன சமைக்கிறார்கள், அவருக்குச் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.