பையன் பேசாததை போன் பேசுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறான். ஏழாவது வரை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வான். இப்போது எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’தான். எந்நேரமும் மூன்று பையன்களோடு சுற்றுகிறான். அவர்களில் ஒருவன் அண்ணன் பைக்கைக் கொண்டு வருகிறான். காலாண்டில் கணக்கில் 38. ‘உனக்கெல்லாம் கணக்கு வராது’ என்று சார் வகுப்பிலேயே சொன்னாராம். அதுவும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரவில் அவன் தூங்கியதும் போனை எடுத்துப் பார்ப்பேன். ஒருநாள் அதைக் கண்டுபிடித்து லாக்கை மாற்றிவிட்டான். ‘சேர்க்கை சரியில்லை, ஹாஸ்டலில் போட்டுவிடலாம்’ என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஓர் அம்மா, பவானி

பதில்:

சகோதரிக்கு,

கடிதம் முழுக்க அந்த மூன்று பையன்கள்தான் வருகிறார்கள். ஆனால் ஒருவன் பெயர்கூட இல்லை. பத்திரிகைக்கு எழுதுகிறோமே என்று விட்டிருந்தால் சரி. தெரியாததால் விட்டிருந்தால், அது கவனிக்க வேண்டிய விஷயம்.

முதலில் போன். அத்தனை இரவு பார்த்தும் உங்களுக்குக் கிடைத்தது என்ன? லாக் மாறியதுதான் மிச்சம். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர், 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 700 பேரிடமும் அவர்களின் பெற்றோரிடமும் விசாரித்து 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்பது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி. அதனால் நன்றாகக் கண்காணித்தால் போதும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். இவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? துருவிக் கேட்டும் கட்டுப்பாடு போட்டும் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாகவே வந்து சொன்னது.

ஏழாவது வரை உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பிறகு ஏன் நின்றது? பாதி வயசு. அந்த வயதில் தனக்கென்று ஒரு மூலை வேண்டும், அதில் தப்பில்லை. மீதிக்கு, அவன் ஏதாவது சொன்னபோது பதிலுக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். ‘இன்னிக்கு சார் திட்டினார்’ என்று பிள்ளை வந்து சொன்னால், ‘நீ என்ன பண்ணினே?’ என்பதுதான் நம் வீடுகளில் முதல் கேள்வி. என் வீட்டிலும் பல வருஷம் அதுதான் நடந்தது. இரண்டு முறை அப்படிக் கேட்டுக்கொண்ட பையன் மூன்றாவது முறை ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்வான்.

‘உனக்குத் தெரியாம போனைப் பார்த்தது தப்பு’ என்று அவனிடம் ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். அதன்பின் ‘ஆனா...’ என்று தொடங்கி விளக்கம் கொடுக்க வேண்டாம். அதற்காகக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். உங்களுடையதும், உங்கள் கணவருடையதும்தான்.

அடுத்து சேர்க்கை. உங்கள் கணவரின் பயத்தை நான் ஒதுக்க மாட்டேன். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005இல் வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தபின் ஒருவர் எவ்வளவு தூரம் ஓட்டத் துணிகிறார் என்பதுதான் கணக்கு. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள், தனியாக ஆடியதைவிட கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது மிக அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் அந்த பைக் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஓட்டவும் கூடாது, பின்னால் உட்காரவும் கூடாது.

ஆனால் அதற்கு ஹாஸ்டல் மருந்தா? சேர்க்கைக்குப் பயந்து, 24 மணி நேரமும் சேர்க்கை மட்டுமே இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறோம். அங்கே கூட இருப்பவர்களை நீங்கள் பார்க்கவும் முடியாது. இந்த மூன்று பேரோ கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். போண்டா போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். ‘அப்பா என்ன பண்றார், எத்தனை மார்க்’ விசாரணை வேண்டாம். நாலு ஞாயிறு போனால் யார் எப்படி என்று உங்களுக்கே பிடிபடும். பைக் கொண்டுவருகிற பையன்தான் மூவரிலும் சாதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கணக்கு சார் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 1968இல் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் வெளியிட்ட ஓர் ஆய்வு பிரபலம். சும்மா குலுக்கலில் எடுத்த சில குழந்தைகளை, ‘இந்த வருஷம் நன்றாக முன்னேறுவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் நிஜமாகவே முந்தினார்கள். பெரிய வகுப்புகளில் அவ்வளவாக இல்லை. ஆய்வைப் பற்றிய சர்ச்சையும் இன்னும் ஓயவில்லை. எனவே ஒரு வாக்கியத்தால் உங்கள் மகனின் கணக்கு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டாளிகள் எதிரில் அப்படிக் கேட்ட 14 வயதுப் பையன், ‘முயற்சி பண்ணித் தோற்றான்’ என்று பேர் எடுப்பதைவிட ‘படிக்கவே இல்லை’ என்று பேர் எடுப்பது கௌரவம் என்று நினைக்கலாம்.

நீங்கள் இருவருமே போய் சாரைப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம். ஏழாவது மார்க்கைக் காட்டி, ‘எந்த இடத்தில் தடுக்குது சார்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் இயற்கணிதத்தில்தான் இருக்கும். ‘எல்லார் முன்னாடியும் சொன்னதுல அவன் ஒடிஞ்சுட்டான்’ என்பதையும் தன்மையாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் வந்து கேட்ட பையனை ஆசிரியர் வேறு கண்ணோடு பார்ப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வீட்டில் சாரைப் பற்றி ஏளனமாகப் பேச வேண்டாம். அவன் நாளைக்கு அவர் முன்னால்தான் உட்கார வேண்டும்.

அவன் சாப்பாடு தூக்கம் குறைந்து, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால், அல்லது செத்துவிடலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416. எந்த நேரமும் பேசலாம்.

ஹாஸ்டல் பேச்சை அரையாண்டுத் தேர்வு முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, கோபத்தில் ‘உன்னை ஹாஸ்டல்ல கொண்டுபோய்ப் போட்டாதான் சரிப்படுவே’ என்பது மட்டும் உங்கள் கணவர் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால், நாலு ஞாயிறு போண்டா போட்டதும் வீண்.