பாக்கறதுதான் வேலை, சுடறது இல்ல: ரீகான் பத்தி வாசகர் கேள்விகள்

(ரீகான்னா ராணுவத்துல முன்னாலயே போய் எதிரிய வேவு பாக்கற வேலை. பதில் சொல்றவர் பல வருஷம் ரீகான் டீம்ல இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயசு. ஆர்மில சேரணும், அதுவும் ரீகான்லதான் சேரணும். சண்டைன்னா முதல் ஆளா நிக்கணும்னு ஆசை. என்ன தயார் பண்ணணும்?

தம்பி, முதல் ஆளா போவ, அதுல சந்தேகமே இல்ல, ஆனா சண்டை போட இல்ல. நாலு பேர் இல்லன்னா ஆறு பேர் போறோம், எதிர்ல நூறு பேர் இருப்பான், அங்க நாம துப்பாக்கிய எடுத்து சுட வேண்டி வந்துச்சுன்னா பெரும்பாலும் வேலை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், ஏன்னா நாம பாத்துட்டோம்னு தெரிஞ்ச உடனே அவன் இடத்த மாத்திடுவான், அதுவரைக்கும் நாம சேத்த தகவல் எல்லாம் செல்லாக்காசு.

நிஜ வேலை என்னன்னா படுத்துக்கிட்டே இருக்கறது. ஒரு பள்ளம், மேல வலை, அதுக்கு மேல அந்த இடத்துலயே கிடைக்கற செடி கொடி. இத ஓ.பி.ன்னு (அப்சர்வேஷன் போஸ்ட், ஒளிஞ்சு பாக்கற இடம்) சொல்வோம். அடுப்பு கிடையாது, சிகரெட் கிடையாது, வாசனை சோப்பு போட்டுட்டு வரக்கூடாது, கழிவக்கூட பைல கட்டி திரும்ப எடுத்துட்டுதான் வரணும். ஒருத்தன் பாப்பான், ஒருத்தன் எழுதுவான், மத்தவங்க தூங்குவாங்க, அப்பறம் மாத்திப்போம்.

1942-ல வட ஆப்பிரிக்காவுல பிரிட்டிஷ் ஆர்மியோட லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் (1940-ல ரால்ஃப் பேக்னால்ட்ங்கறவர் ஆரம்பிச்சது) செஞ்ச வேலைய படிச்சுப் பாரு. எதிரி எல்லைக்குள்ள ரொம்ப தூரம் போய், லிபியா கடற்கரை ரோட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ரெண்டு பேரா படுத்துக்கிட்டு, போற வர்ற லாரி எத்தன, டாங்க் எத்தனன்னு ராத்திரி பகலா எண்ணுனாங்க, மாசக்கணக்குல டீம் மாத்தி மாத்தி. ஒரு குண்டு சுடாம எண்ணுன அந்தக் கணக்குலேர்ந்துதான் ஜெர்மன் தளபதி ரோமலோட முன்வரிசைக்கு என்ன போய்ச் சேருதுன்னு கெய்ரோவுல இருந்த பிரிட்டிஷ் தலைமைக்குத் தெரிஞ்சுது. என் மனசுல ரீகான்னா அதுதான்.

தயாரிப்புன்னு கேட்டியே. வெயிட் தூக்கி நடந்து பழகு, ஓடறத விட இதுதான் முக்கியம். செல்போன உள்ள வச்சுட்டு மேப்பும் காம்பஸும் மட்டும் வச்சு போய் வா, நூறு மீட்டருக்கு உனக்கு எத்தன அடி ஆகுதுன்னு மேட்டுலயும் எண்ணு சமதரையிலயும் எண்ணு, ரெண்டும் வேற வேறயா வரும். இருட்டுக்கு கண்ணு முழுசா பழக அரை மணி நேரம் ஆகும், நடுவுல ஒரு தடவ டார்ச்ச பாத்தா மறுபடி முதல்லேர்ந்துதான். ராத்திரில ஒரு பொருள நேரா பாக்காத, கொஞ்சம் தள்ளி பாரு, அப்பதான் தெரியும்.

இதெல்லாம் ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்துடுவாங்க. சொல்லிக் குடுத்தும் வராதது ஒண்ணு இருக்கு, பாத்தத மட்டும் சொல்றது. ரிப்போர்ட்ல எத்தன பேர், என்ன செய்றாங்க, எங்க, எந்த யூனிட், எத்தன மணிக்கு, என்ன ஆயுதம், என்ன வண்டின்னு ஒழுங்கா சொல்லணும். நான் புதுசா இருந்தப்ப ஒரு பயிற்சில ராத்திரி செயின் வண்டி சத்தம் கேட்டு "டாங்க்"னு ரேடியோல சொல்லிட்டேன். விடிஞ்சு பாத்தா மண்ணு தள்ற புல்டோசர். டீம் லீடர் திட்டல, "நீ டாங்க் பாத்தியா, சத்தம் கேட்டியா?"ன்னு மட்டும் கேட்டாரு. அந்தக் கேள்விய இன்னிக்கு வரைக்கும் மறக்கல. நீ சொல்ற ஒரு வார்த்தைய நம்பி பின்னால நூறு பேரு கிளம்புவாங்க தம்பி. ஒண்ணும் பாக்கலன்னா ஒண்ணும் பாக்கலன்னு சொல்ற தைரியம் வேணும், அதுவும் ஒரு தகவல்தான்.

கேள்வி: வேவு பாக்கறவர் மாட்டினா ஒற்றன்னு தண்டிப்பாங்களா?

யூனிபார்ம் போட்டுட்டு போனா ஒற்றன் இல்ல. போர் நடத்தறதுக்கு நாடுகள் சேந்து போட்ட 1907 ஹேக் விதிகள் 29-வது பிரிவுலயே இருக்கு, மாறுவேஷம் போடாம தகவல் சேகரிக்கப் போன சோல்ஜர ஒற்றனா கருதக்கூடாதுன்னு, அதனால போர்க்கைதியாத்தான் நடத்தணும். அதனாலதான் எவ்ளோ இலை தழைய கட்டினாலும் உள்ள யூனிபார்ம் இருக்கணும்.

கேள்வி: ட்ரோன் வந்தாச்சே, இனி மனுஷன் எதுக்கு?

ட்ரோன் நிறைய உயிர காப்பாத்துது, ஒத்துக்கறேன். ஆனா ஆத்து அடில சேறா பாறையா, பாலத்தோட தூண்ல விரிசல் இருக்கா, இந்த வழில வண்டி இறங்குமான்னு கால வச்சு கையால தொட்டு பாக்க ஆள் வேணும். அடர்ந்த காட்டுலயும் மூடுபனிலயும் அது திணறும், ரேடியோவ ஜாம் பண்ணா பெரும்பாலான ட்ரோன் குருடாயிடும். ஆனா எதிரிகிட்டயும் தெர்மல் கேமரா வச்ச ட்ரோன் இருக்கு, இல தழையால மட்டும் உடம்பு சூட்ட முழுசா மறைக்க முடியாது. எங்க காலத்துல தரைலேர்ந்து ஒளிஞ்சா போதும், இப்ப பசங்க வானத்துலேர்ந்தும் ஒளியணும். அவங்க வேலை எங்கள விட கஷ்டம்.

கேள்வி: என் பையன் ரீகான்ல இருக்கான். லீவுல வந்தா எங்க போனேன்னு கேட்டா பேச்ச மாத்தறான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ முழிச்சுக்கறான். பயமா இருக்குங்க.

அம்மா, உங்கள ஒதுக்கறான்னு நினைக்காதீங்க. எங்க போனான்னு அவனால சொல்ல முடியாது, சொன்னா கூட இருக்கற பசங்களுக்கு ஆபத்து. அதக் கேக்காதீங்க, டீம்ல யாரு நல்லா பேசுவா, யாரு குறட்ட விடுவான்னு கேளுங்க, கண்டிப்பா பேசுவான். முழிப்பு வர்றது ஷிப்ட் போட்டு தூங்கின பழக்கம், பொதுவா கொஞ்ச நாள்ல சரியாகும். ஆனா வாரக்கணக்கா தூக்கமே இல்லாம, சின்னச் சத்தத்துக்கு தூக்கிவாரிப் போட்டு, எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தான்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, தள்ளிப் போடாதீங்க. அப்பறம் அவன் பாதத்த காட்டச் சொல்லுங்க. நாள் கணக்கா ஈர சாக்ஸ்லயே கிடந்திருப்பான், மரத்துப்போயிருந்தாலும் வெளிய சொல்ல மாட்டான்.