துத்தநாகம் ஒரு முடிச்சு

ஐயா வணக்கம்,
மகள் தொடக்கக்கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். மரபணுக்களை ‘துத்தநாக விரல்’ புரதங்கள் கட்டுப்படுத்துகின்றன என்றாள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைப் பிரிக்காமலே ஒரு புரதம் அதை எப்படிப் படிக்கிறது? துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் மரபணுக்கள் நன்றாக வேலை செய்யுமா?
– ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

தேக்காவில் பூ கட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு வாடிக்கையாளரோடு, விரல்கள் காம்பைத் தடவியே மல்லிகையையும் மரிக்கொழுந்தையும் பிரித்தெடுக்கும். இந்தப் புரதமும் தடவித்தான் படிக்கிறது. டிஎன்ஏ எழுத்துகள் உள்ளே அடுக்கியிருந்தாலும் அவற்றின் ஓரங்கள் சுருளின் அகன்ற பள்ளத்தில் தட்டுப்படும். புரதத்தில் விரல்போல் நீட்டியிருக்கும் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ள சிறு ஆல்ஃபா சுருள் (புரத இழையே முறுக்கிக்கொண்ட பகுதி) அந்தப் பள்ளத்தில் இறங்கி, சுமார் மூன்று எழுத்துகளைத் தொட்டு அறிகிறது. 1991இல் பாவ்லெட்டிச், பேபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிஃப்268 என்ற துத்தநாக விரல் புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டபோது இது கண்ணுக்கே தெரிந்தது: மூன்று விரல்கள், ஒன்பது எழுத்துகள்.

ஒன்பது போதாது. நான்கு எழுத்துகளைக் கொண்டு அமையும் ஒன்பதெழுத்துச் சொற்கள் 262,144தான். நம் மரபுத்தொகுதியோ, அதாவது நம் டிஎன்ஏ முழுவதுமோ, சுமார் 3 பில்லியன் எழுத்து. ஒரே சொல் ஆயிரக்கணக்கான இடங்களில் தற்செயலாக வந்துவிடும். நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீட்டில் முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைத்தான் காட்டும், ஆறும் சேர்ந்தால்தான் புளோக் கிடைக்கும், அல்லவா? விரல்கள் வரிசையாகச் சேரும்போதும் முகவரி அப்படித்தான் துல்லியமாகிறது.

இனி மாத்திரை. துத்தநாகம் எதையும் படிப்பதில்லை. சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட தளர்ந்த இழையில் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாக அயனியைப் பற்றிக்கொண்டால்தான் அது விரலாக மடியும். தவளை முட்டைப் புரதம் ஒன்றை ஆராய்ந்து 1985இல் விஞ்ஞானி ஏரன் க்ளுக்கின் குழு சொன்னது இதைத்தான். விரலுக்கு ஓர் அயனி, ஒரு முடிச்சு. விழுந்த முடிச்சுக்கு மேல் முடிச்சு தேவையில்லை. குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்வார். தேவையில்லாமல் நெடுநாள் அதிகம் விழுங்கினால் உடலில் செம்புச் சத்துதான் குறையும். தயவுசெய்து மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. விரல் இடத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். மரபணுவைத் திறப்பதும் மூடுவதும் அது அழைத்துவரும் மற்றப் புரதங்கள். பிசிஎல்11ஏ என்ற துத்தநாக விரல் புரதம் கருவில் இயங்கிய ஹீமோகுளோபின் மரபணுக்களைப் பிறந்தபின் இப்படித்தான் அடக்கிவைக்கிறது. இரத்த அணுக்களில் அந்தப் புரதத்தைக் குறைத்தால் அந்த மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா நோயாளிகளுக்காக 2023இல் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை அந்த வழியில்தான் வேலை செய்கிறது. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.